கொழுந்தும் கையும்

பூச்சிமருந்து எச்சம் பார்க்கும் எங்கள் தொழிலில் தேயிலையைப் போல அடம்பிடிக்கும் பொருள் வேறில்லை. தக்காளியிலும் திராட்சையிலும் பெரும்பங்கு தண்ணீர்தான். கரைப்பானை ஊற்றிக் குலுக்கினால் வேண்டியது பெரும்பாலும் தானாகப் பிரிந்து வந்துவிடும். காய்ந்த தேயிலைத் தூளில் காஃபின் மட்டுமே நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்கு இருக்கும். அதோடு பாலிஃபீனால்கள், பச்சையம், மெழுகு. நாங்கள் தேடுவதோ கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு. காஃபின் அதைவிட முப்பது லட்சம் மடங்கு அதிகம். அத்தனை கூட்டத்துக்கு நடுவில் நிற்கும் ஒரு மூலக்கூறை, இதுதான் அது என்று கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும்.

இந்த 0.01 ஐரோப்பிய ஒன்றியம் வைத்த எல்லை. ஒரு மருந்துக்கென்று தனியாக வரம்பு குறிக்கப்படவில்லை என்றால் இந்த எண் பொருந்தும். வால்பாறையில் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தூள் கிடைக்கும். தண்ணீர் ஆவியாகப் போய்விடும், மருந்து அவ்வளவு எளிதில் போகாது. இலையில் எல்லைக்குள் இருந்தது தூளில் எல்லை தாண்டிவிடும். கொழுந்துச் சுற்று ஏழு நாளா பத்து நாளா என்று ஃபீல்டு ஆபீசர் எடுக்கும் முடிவு, சில வாரம் கழித்து என் கணினித் திரையில் ஒரு கூம்பாக எழும்.

நான் பிறந்தது வால்பாறையில், ஒரு எஸ்டேட் லைன் வீட்டில். அம்மா கொழுந்து பறித்தவர். அப்பா அதே எஸ்டேட் ஃபேக்டரியில் டிரையர் பார்த்தவர். பொள்ளாச்சியில் வேதியியல் படித்துவிட்டு, கோவையில் ஓர் ஆய்வகத்தில் எடை போடும் வேலையில் சேர்ந்து, பிறகு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரின் முன்னால் உட்கார்ந்தேன். அந்த நாற்காலியை விட்டு இன்னும் எழவில்லை.

வேலை இப்படித்தான் தொடங்கும். இரண்டு கிராம் தூளை எடைபோட்டு, தண்ணீர் விட்டு ஊறவைப்போம். அசிட்டோநைட்ரைல் ஊற்றிக் குலுக்கி, மெக்னீசியம் சல்ஃபேட்டும் சாதாரண உப்பும் போட்டுச் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றுவோம். தண்ணீர் கீழே தங்கும், கரைப்பான் மருந்தோடு மேலே வரும். 2003இல் அனஸ்டாசியாடெசும் லெஹோடேயும் வெளியிட்ட இந்த முறைக்குக் கெச்சர்ஸ் என்று பெயர். அதற்கு முன்பு லிட்டர் கணக்கில் கரைப்பானைக் கொட்டி நாள் முழுக்கச் செய்த வேலை, இதனால் ஒரு காலைப்பொழுதுக்குள் அடங்கியது. தேயிலைக்கு மட்டும் இன்னொரு படி உண்டு. மேலே வந்த கரைப்பான் கரும்பச்சையாக இருக்கும். அதில் கார்பன் தூள் போட்டால் பச்சையத்தை உறிஞ்சித் தெளியவைக்கும். ஆனால் தட்டையான வடிவம் கொண்ட மருந்து மூலக்கூறுகளையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். எவ்வளவு போடுவது என்பதில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. நிறம் முழுக்கப் போகட்டும் என்று ஆசைப்பட்டால், இருந்த மருந்தும் இல்லாமல் போய்விடும். கண்ணாடி போல் தெளிந்த சாற்றைப் பார்த்தால் எனக்கு இன்றும் சந்தேகம்தான் வரும்.

இனிக் கருவி. தேயிலை ஃபேக்டரியில் இரண்டு சல்லடையும் நடுவில் ஒரு நொறுக்கியும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் சல்லடை ஒரே ஒரு அளவை மட்டும் விடும், நொறுக்கி அதை உடைக்கும், இரண்டாவது சல்லடை உடைந்த துண்டுகளில் ஒன்றை மட்டும் விடும். மூன்று குவாட்ருபோல் கருவி செய்வது இதைத்தான். மூலக்கூறுக்கு மின்னூட்டம் ஏற்றி, நான்கு உலோகத் தண்டுகளுக்கு நடுவில் ஓடவிட்டு, ஒரே ஒரு நிறையை மட்டும் உள்ளே விடுகிறோம். நடு அறையில் வாயுவோடு மோதவிட்டு உடைக்கிறோம். உடைந்ததில் குறிப்பிட்ட துண்டை மட்டும் எண்ணுகிறோம். காஃபின் 195இல் நுழைந்து 138ஆக உடையும். ஹெக்சகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி 314இல் நுழைந்து 70ஆக வெளிவரும். ஒரே நிறை கொண்ட இரண்டு பொருள்கள் இருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து, ஒரே மாதிரி உடைந்து, துண்டுகளின் விகிதமும் ஒன்றாக இருப்பது மிக மிக அரிது. ரிக் யோஸ்டும் கிறிஸ் என்கேயும் 1978இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்துகாட்டிய இந்த அமைப்புதான் இன்றைக்கு எச்ச ஆய்வகங்களின் முதுகெலும்பு.

அதற்கு முந்தைய காலத்தை என் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஜேம்ஸ் லவ்லாக் 1957இல் உருவாக்கிய எலக்ட்ரான் பிடிப்பு உணர்வியை வைத்துத்தான் பார்த்தார்கள். நுட்பத்தில் குறைவில்லை, குளோரின் கொண்ட மருந்துகளை மிகச் சிறிய அளவிலும் பிடிக்கும். ஆனால் அது சொல்வது ‘இந்த நிமிடத்தில் ஏதோ வந்தது’ என்பதை மட்டும்தான். என்ன வந்தது என்பதை வந்த நேரத்தை வைத்து நாம்தான் ஊகிக்க வேண்டும். தேயிலை போன்ற சரக்கில் அந்த ஊகம் ஒரு எஸ்டேட்டின் பெயரையே கெடுத்துவிடக்கூடும். கருவிகள் வளர்ந்த வரலாற்றில் நான் பெரிதாக மதிப்பது நுட்பம் கூடியதை அல்ல, அடையாளம் உறுதியானதைத்தான்.

ஆந்த்ராகுயினோன் என்ற மருந்தின் விவகாரம் எனக்கு அதை நன்றாகப் புரியவைத்தது. தேயிலையில் அதற்கு ஐரோப்பிய எல்லை கிலோவுக்கு 0.02 மில்லிகிராம். ஒரு ஃபேக்டரியின் தூளில் அதைத் தாண்டி வந்தது. டீ மேக்கர் நேரிலேயே வந்துவிட்டார். “எங்க தோட்டத்துல அந்த மருந்தை யாரும் கண்ணால பார்த்ததுகூட இல்லீங்க” என்றார். அவர் குரலில் பொய் இல்லை, என் திரையிலும் தவறு இல்லை. 208 நிறையுள்ள அந்த மூலக்கூறு ஒரு கார்பன் மோனாக்சைடை, அதாவது 28ஐ இழந்து 180 ஆகிறது. இன்னொன்றையும் இழந்து 152 ஆகிறது. இரண்டு துண்டுகளின் விகிதமும் தரமாதிரியோடு ஒத்துப்போனது. வந்திருப்பது ஆந்த்ராகுயினோன்தான்.

இரவு அப்பாவிடம் போனில் சொன்னேன். அவருக்கு மூலக்கூறு தெரியாது. ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வியே, “தூள்ல பொகை வாசம் அடிக்குதா?” என்பதுதான். டிரையருக்குச் சூடான காற்றைத் தருவது விறகு அடுப்பு. அடுப்பின் புகை ஒரு குழாய் வழியாகப் போகும், இலைக்குப் போகும் காற்று அந்தக் குழாய்களைச் சுற்றிச் சூடாகி வரும். இரண்டும் கலக்கக் கூடாது. “ஹீட்டர் டியூப் விரிசல் விட்டிருக்கும் பாப்பா. மழையில நனைஞ்ச வெறகைப் போட்டிருப்பாங்க. தொறந்து பார்க்கச் சொல்லு.” விறகு அரைகுறையாக எரியும் புகையில் ஆந்த்ராகுயினோன் உருவாகும் என்பது ஆய்வு இதழ்களில் எழுதப்பட்ட செய்தி. அந்தப் புகை இலைக்குள் எந்த ஓட்டை வழியாகப் போயிருக்கும் என்பதை அப்பா லைன் வீட்டில் உட்கார்ந்தபடியே சொன்னார். திறந்து பார்த்தார்கள், டியூபில் விரிசல் இருந்தது. மாற்றிய பிறகு வந்த மாதிரிகளில் எண் எல்லைக்குள் இறங்கியது.

களத்துக்கும் நாங்களே போவோம். மருந்து அடித்த இரண்டு மணி நேரத்தில் ஒரு மாதிரி, பிறகு 1, 3, 5, 7, 10, 14ஆம் நாட்களில் ஒவ்வொன்று. மருந்தே அடிக்காத பாத்தியிலிருந்தும் அதே நாட்களில் எடுக்க வேண்டும். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய், யானை நிற்கிறது என்று தகவல் வந்தால் அன்றைய ஏழாம் நாள் மாதிரி எட்டாம் நாள் மாதிரி ஆகிவிடும். சின்னக்கல்லாறு பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் இலைமேல் இருந்த மருந்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். அந்த மாதத்து எண்ணைக் கோடைக்குப் பொருத்த முடியாது. நிராறு அணைப் பக்கம் இருக்கும் உப்பாசி தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் வேர் 1926 வரை போகிறது. மண்ணுக்கும் மழைக்கும் பூச்சிக்கும் தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வைத்திருப்பவர்கள் அவர்கள். அந்தக் கணக்கு இல்லாமல் கருவி தரும் எண் பாதி உண்மைதான்.

இலையைப் பார்க்கும் இதே கருவி மருத்துவத்துக்குள் எப்படிப் போனது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெடுங்காலம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஆவியாகக்கூடிய சிறு மூலக்கூறுகளுக்கு மட்டுமே பயன்பட்டது. புரதத்தைச் சூடாக்கினால் ஆவியாகாது, கருகிவிடும். ஜான் ஃபென் அதற்கு ஒரு வழி கண்டார். கரைசலை ஆயிரக்கணக்கான வோல்ட் ஏற்றிய ஊசி முனையிலிருந்து தெளித்தால், துளி காயக் காய மின்னூட்டம் நெருக்கி, கடைசியில் மூலக்கூறு சிதையாமல் வெளிவரும். 2002இல் வேதியியல் நோபல் பெற்றபோது, எலக்ட்ரோஸ்பிரே மூலக்கூறு யானைகளுக்குச் சிறகு கொடுக்கிறது என்ற பொருளில் தன் உரைக்குத் தலைப்பு வைத்தார். யானைக்காட்டில் வளர்ந்தவள் நான், அந்தத் தலைப்பை மறக்கவே முடியாது. அதே பரிசில் பங்கு பெற்ற கோயிச்சி தனகா முனைவர் பட்டம் பெறாத ஒரு கம்பெனி எஞ்சினியர். ஷிமாட்சுவில் இருந்தபடி, லேசரால் புரதத்தை முழுதாகக் கிளப்பும் வழியைக் கண்டவர். அந்த வழியிலும் அதன் உறவு முறைகளிலும் வளர்ந்த கருவிகள் இன்று மருத்துவமனைகளில் கிருமியின் பெயரை நிமிடங்களில் சொல்கின்றன. பெங்களூரு உயிரித்தகவலியல் நிறுவனத்தைத் தொடங்கிய அகிலேஷ் பாண்டேயின் குழு 2014இல், மனித உடலின் 30 வகைத் திசு, செல் மாதிரிகளை ஆர்பிட்ராப் கருவிகளில் ஓட்டி, 17,294 மரபணுக்களின் புரதங்களைப் பதிவு செய்து ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. நம் பக்கத்து மாநில நகரத்து நிறுவனம் ஒன்று முன்னின்று செய்த வேலை அது. அந்தக் கட்டுரையை அச்செடுத்து மேசையில் வைத்துக்கொண்டு பல நாள் படித்தேன்.

அப்படி ஒரு நாளில்தான் ஊருக்குப் போயிருந்தபோது அம்மா கேட்டார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று பக்கத்து வீட்டு அக்காவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். இலையில் மருந்து எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்போம், அதிகமிருந்தால் வெளிநாட்டுக்காரன் வாங்கமாட்டான் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “எலையில ஒட்டுனதப் பாக்கறீங்க. பறிச்ச கையில ஒட்டுனத எந்த மெசினு பாக்கும் பாப்பா?” என்றார்.

பார்க்க முடியும் என்பதுதான் பதில். இலையைப் பார்க்கும் கருவியே போதும். குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிமருந்து உடம்புக்குள் போனால் டிரைகுளோரோபிரிடினால் என்ற பொருளாக மாறிச் சிறுநீரில் வரும். அந்த மூலக்கூறில் மூன்று குளோரின் அணுக்கள். குளோரினுக்கு 35, 37 என்று இரண்டு நிறைகள் இருப்பதை முதல் உலகப்போர் முடிந்த கையோடு கேம்பிரிட்ஜில் ஆஸ்டன் காட்டினார். அதனால் இந்தப் பொருள் 196, 198, 200 என்று வரிசையாகக் கூம்பு காட்டும். முதல் இரண்டும் ஏறக்குறையச் சம உயரம், மூன்றாவது அதில் மூன்றில் ஒரு பங்கு. பார்த்தவுடன் தெரிந்துவிடும் முகம் அது. அது சேர்ந்த ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் பலவற்றுக்கும் பொதுவாக டயல்கைல் பாஸ்பேட்டுகள் என்று ஆறு சிதைவுப் பொருள்கள் உண்டு. அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் தன் நாட்டு மக்களின் சிறுநீரில் இவற்றைப் பல ஆண்டுகளாக அளந்து வெளியிட்டு வருகிறது. அளப்பதற்கான முறை புதிதல்ல. ஆனால் நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்த காலத்தில் தூள் வந்தது, பச்சை இலை வந்தது, மண் வந்தது, குளத்துத் தண்ணீர் வந்தது. மலையிலிருந்து ஒரு மனிதரின் மாதிரி மட்டும் வந்ததில்லை. வாங்குபவர் ஒருவர் கேட்டதால் இலை சோதிக்கப்படுகிறது. தொழிலாளியின் உடம்பைப் பற்றிக் கேட்க அப்படி ஒருவர் இல்லை.

கேட்டபோது என்ன நடந்தது என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. காசர்கோட்டில் அரசின் முந்திரித் தோட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். எதற்காக? தேயிலைக் கொசுவுக்காக. வால்பாறைக் கொழுந்தைக் கருக்கும் பூச்சியின் நெருங்கிய உறவு அது. பட்ரே கிராமத்துக் குழந்தைகளை அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் 2001இல் ஆராய்ந்தபோது, தெளிக்காத ஊர்ப் பிள்ளைகளை விட அவர்கள் ரத்தத்தில் அந்த மருந்து கூடுதலாக இருந்தது. தாய்மார்கள் வருடக்கணக்கில் சொல்லிவந்தது அதன் பிறகு ஒரு அட்டவணையாக மாறியது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானுக்குத் தடை விதித்தது. அட்டவணை மட்டும் தடை வாங்கித் தந்துவிடவில்லை. மக்கள் போராடினார்கள், மருத்துவர்களும் எழுத்தாளர்களும் கூட நின்றார்கள். ஆனால் ரத்தத்தில் அளந்த எண்ணை ஒருவரும் வதந்தி என்று ஒதுக்க முடியவில்லை.

வால்பாறைக்கும் அப்படி ஒரு மருத்துவர் இருந்தார். 1940களில் ஆனைமலைத் தோட்டங்களில் வேலை பார்த்த டாக்டர் பி.எச். டேனியல். தான் அறிந்துகொண்ட தொழிலாளர் வாழ்க்கையை ‘ரெட் டீ’ என்ற நாவலாக 1969இல் எழுதினார். இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் தந்தார். நாவல் சொல்வது மலேரியாவும் பட்டினியும் கொன்ற காலத்தை. இன்று லைன் வீடுகளில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்கள் இருக்கின்றன. மருந்தடிக்கும் டேங்கை முதுகில் சுமப்பவர்களில் அவர்களும் உண்டு. மழைக்கோட்டைப் போட்டால் வேர்க்கிறது என்று கழற்றிவிடுகிறார்கள். அடித்த பாத்தியில் அடுத்த சுற்றுக்குக் கொழுந்தெடுக்க ஆள் இறங்குகிறது.

அதனால் சிறுநீரில் அளக்கும் அந்த முறையை எங்கள் கருவியில் நானே அமைத்துப் பார்த்தேன். இலைக்கும் சிறுநீருக்கும் தொல்லை வேறு வேறு. தேயிலையில் காஃபின் நெருக்கும், சிறுநீரில் உப்பு மின்னூட்டத்தை அமுக்கும். உடம்பு டிரைகுளோரோபிரிடினாலைச் சர்க்கரை அமிலத்தோடு கட்டி வெளியே அனுப்புவதால், முதலில் ஒரு நொதியால் அந்தக் கட்டை அவிழ்க்க வேண்டும். கார்பன் 13 ஏற்றிய அதே மூலக்கூறை அளந்து சேர்த்துவிட்டால், வழியில் எவ்வளவு தொலைந்தாலும் அதுவும் கூடவே தொலையும், கணக்கு நேராகிவிடும். தண்ணீர் அதிகம் குடித்தவருக்கு எண் நீர்த்துத் தெரியும் என்பதால் கிரியேட்டினினையும் கூடவே அளக்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம் நேரம். இந்தப் பொருள் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 27 மணி நேரம்தான் ஆகும். திங்கள்கிழமை மருந்தடித்தவரிடம் வெள்ளிக்கிழமை மாதிரி வாங்கினால், மிச்சம் எதையும் பார்க்க முடியாமல் போகலாம். டயல்கைல் பாஸ்பேட்டுகளில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. காய்கறியிலேயே மருந்து சிதைந்து அந்த வடிவத்தில் இருந்து, சாப்பாடு வழியாக உள்ளே போய் வெளிவரலாம். எனவே தோட்டத்துக்குள்ளேயே மருந்தோடு தொடர்பில்லாதவர்களையும் ஒப்பிடாமல் எதுவும் சொல்லக் கூடாது. எஸ்டேட் ஆஸ்பத்திரிகள் செய்யக்கூடிய கோலினெஸ்டரேஸ் சோதனை அவசரத்துக்கு நல்லதுதான், ஆனால் கணிசமாக உள்ளே போன பிறகுதான் அது அசையும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதைப் பிடிக்க மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்தான் வேண்டும்.

அதைவிட எளிய வழி ஒன்றும் வந்திருக்கிறது. ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிம் ஆண்டர்சனின் குழு 2014இல் சிலிக்கோன் கைப்பட்டையைக் கொண்டுவந்தது. இளைஞர்கள் கையில் மாட்டும் அதே ரப்பர் வளையம்தான். நன்றாகக் கழுவிச் சுட்டெடுத்து, சில நாள் அணியவைத்துத் திரும்ப வாங்கினால், காற்றிலும் தோலிலும் பட்டதை அது உள்வாங்கி வைத்திருக்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் விவசாயிகளிடம் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். குளிர்பெட்டி வேண்டாம், ஊசி வேண்டாம், ஒரு உறையில் போட்டு பஸ்ஸில் கொடுத்துவிடலாம். மலைக்குப் பொருத்தமான கருவி. ஆனால் கைப்பட்டை சொல்வது மேலே பட்டதை மட்டும், உள்ளே போனதைச் சிறுநீர்தான் சொல்லும். இரண்டும் சேர்ந்தால்தான் கையுறை உதவுகிறதா, அடித்த எத்தனையாவது நாளில் பாத்தியில் ஆள் இறங்கலாம் என்பதற்கெல்லாம் வால்பாறை மழைக்கும் வால்பாறைச் சரிவுக்கும் ஏற்ற பதில் கிடைக்கும்.

திட்டத்தை எழுதி நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன். மருந்தடிப்பவர்கள், கொழுந்தெடுப்பவர்கள், ஃபேக்டரிக்குள் மட்டும் வேலை பார்ப்பவர்கள் என்று மூன்று பிரிவு. வார விடுமுறை முடிந்த காலையில் ஒரு மாதிரி, மருந்தடித்த மறுநாள் காலையில் ஒன்று. ஐஸ் பெட்டியில் அன்றைக்கே கீழே இறக்கி, மைனஸ் 20இல் வைக்க வேண்டும். சம்மதப் படிவம் தமிழிலும் இந்தியிலும் இருக்கும். படிக்கத் தெரியாதவருக்கு, அவர் நம்பும் ஒருவர் முன்னால் படித்துக் காட்டப்படும். குழுவிடமிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. முதல் கேள்வி, முடிவுகள் யாரிடம் தரப்படும் என்பது. நான் எழுதியிருக்கும் பதில் இது: முதல் பிரதி மாதிரி கொடுத்தவரிடம், அவருடைய மொழியில், எண்ணோடு அதன் பொருளும் சேர்த்து. அவர் ஒப்புக்கொண்டால் இரண்டாவது பிரதி அவருக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம். நிர்வாகத்துக்குப் பெயர் எதுவும் இல்லாத தொகுப்பு மட்டும்.